இருபத்தேழாவது துண்டிப்பு

கணினி முதல் தடவை தானாக அணைந்தபோது, குடிநீர் அலுவலகத்தின் புகார் எண்ணுக்கு வந்த ஓர் அழைப்பை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பேசியவர் ஒரு தையல்கடைக்காரர். கடை வாசலில் குழாய் உடைந்து நேற்று மாலையிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருக்கிறதாம். தெருப் பெயரை அவள் தட்டிக்கொண்டிருக்கையில் திரை கறுத்தது. காதில் இருந்த குரல் பாதி வார்த்தையில் நின்றுபோனது. மேசைக்கு அடியில் விசிறி ஒரு நொடி ஓய்ந்து, பிறகு யாரும் கேட்காமலே மறுபடி சுழல ஆரம்பித்தது.

அது எழுந்து வர நாலு நிமிடம் ஆனது. அந்த நாலு நிமிடமும் அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எரிச்சல் வரவில்லை, பதற்றமும் வரவில்லை. தலையில் இருந்த சுமையை யாரோ கொஞ்ச நேரம் வாங்கி வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. அவ்வளவுதான்.

பத்தொன்பது வருஷமாக அவளுக்கு இந்த வேலை. அழைப்பை எடுத்ததும் "வணக்கம், பதினாலாம் எண் பேசுகிறேன்" என்று சொல்ல வேண்டும். பெயர் சொல்லக் கூடாது என்பது அலுவலக விதி. சொல்லிச் சொல்லி, கூட வேலை பார்த்தவர்களுக்கே அவள் பதினாலு ஆகிவிட்டாள். பிறகு அலுவலகம் அந்தப் பெரிய தொலைபேசிக் கூடத்தை மூடிவிட்டு, எல்லோர் கையிலும் ஒரு ஹெட்போனைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. வீட்டில் கணினி இருப்பவர்கள் அதிலேயே வேலை பார்க்கலாம் என்றார்கள். அவள் வீட்டில் இருந்தது. அக்கா செய்து வைத்தது.

அக்கா ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தவள். எதையும் கழற்றிப் பார்க்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. உதிரி உதிரியாக வாங்கி வந்து, தரையில் செய்தித்தாளை விரித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அந்தக் கணினியைப் பொருத்திச் சேர்த்தாள். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால் அக்காதான் பதில் சொல்வாள்: "முதல்ல நீ பண்ணு, நீ பண்ணுன்னு ஒருத்திக்கொருத்தி வழிவிட்டுக்கிட்டே நின்னுட்டோம். பஸ் போயிடுச்சு." மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. ஒன்றில் கட்டில்கள், இன்னொன்றில் மேசையும் கணினியும். நடுவில் கதவு இல்லை, திரைச்சீலைதான்.

அக்கா சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய், ஐந்து மாதம் படுக்கையில் கிடந்தாள். அந்த ஐந்து மாதமும் தங்கை இரண்டு அழைப்புகளுக்கு நடுவே எழுந்து போய் அவளைத் திருப்பிப் படுக்க வைத்தாள், துடைத்துவிட்டாள், வாயில் தண்ணீர் வைத்தாள், திரும்பி வந்து "வணக்கம், பதினாலாம் எண்" என்றாள். அக்கா போன பிறகு ஆறு நாள் விடுப்பு எடுத்தாள். ஏழாம் நாள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அழவில்லை. தைரியமான பொம்பளை என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். அது தைரியம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னம் ஒரு மாதிரி இருக்குமே, அது உடம்பு முழுக்கப் பரவியிருந்தது. காலையில் ரொட்டி, மத்தியானம் ரொட்டி. சமைக்கக் கூடாது என்றில்லை, என்ன சமைப்பது என்ற கேள்வியே எழவில்லை.

மூன்று மாதம் இப்படிப் போன பிறகுதான் கணினி அணைய ஆரம்பித்தது. ஒரு நாள் ஒரு தடவை, இன்னொரு நாள் மூன்று தடவை, பிறகு இரண்டு நாள் ஒன்றுமே இல்லை. சில சமயம் நீலத் திரை வந்து ஏதோ சொல்லிவிட்டுப் போகும். பெரும்பாலும் அதுவும் இல்லை. சட்டென்று இருட்டு, பிறகு தானே எழுந்து நிற்கும்.

இரண்டாவது வாரம் மேற்பார்வையாளர் பேசினார். அவளைவிடப் பதினைந்து வயது இளையவர், மோசமான மனிதர் இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டார்கள் என்று பலபேர் புகார் சொல்கிறார்களாம். அவர் பட்டியலில் அந்த அழைப்புகள் எல்லாமே ஊழியர் பக்கத்தில் துண்டிக்கப்பட்டதாகக் காட்டுகிறதாம். கணினி அணைந்தாலும் சரி, அவளே வைத்தாலும் சரி, பட்டியலுக்கு இரண்டும் ஒன்றுதான்.

"நீங்களா வைக்கிறீங்கன்னு நான் சொல்லல மேடம்," என்றார். "ஆனா மேல இருக்கவங்க கேக்குறாங்க. ஒவ்வொரு தடவையும் குறிச்சு வைங்க. மெஷினைச் சரி பண்ணிட்டீங்கன்னா நான் எழுதி முடிச்சிடுவேன்."

ஒரு மாதத்துக்குள் முடியாவிட்டால் போனிலிருந்து எடுத்து, பழைய கோப்புகள் வைக்கும் அறைக்கு மாற்றிவிடுவார்கள் என்றும் சொன்னார். சரி என்றாள். கோப்பு அறையும் அவளுக்கு ஒன்றுதான். ஆனால் குறித்து வைப்பது அவளுக்குப் பழகிய வேலை. யாராவது குறித்து வை என்றால் அவள் கை தானாகப் பேனாவைத் தேடும். அக்காவின் அலமாரியில் கோடு போட்ட ஆய்வுக்கூட நோட்டு ஒன்று வெறுமனே கிடந்தது. நாலு பத்தி பிரித்தாள். நேரம். அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன். எத்தனை மணி நேரமாக ஓடியது. மற்றவை.

ஒரு வாரத்தில் பதினொரு பதிவுகள் சேர்ந்தன. அழைப்பில் இருக்கும்போது ஆறு. சும்மா இருக்கும்போது மூன்று. போட்டு இரண்டே நிமிடத்தில் ஒன்று, ஏழு மணி நேரம் ஓடிய பிறகு ஒன்று. வெயில் நாளிலும் அணைந்தது, மழை நாளிலும் அணைந்தது. மற்றவை என்ற பத்தியில் எழுத ஒன்றுமே அகப்படவில்லை.

நாலு வீடு தள்ளி, மருந்துக்கடைக்குப் பக்கத்தில், கணினி பழுது பார்க்கும் கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் ஏதாவது ஒரு கணினிக்குள் தலையை விட்டபடியேதான் பேசுவார். அவர் நோட்டை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தார். இப்படி எழுதிக்கொண்டு யாரும் தன்னிடம் வந்ததில்லை என்றார். எல்லோரும் 'என்னமோ ஆயிடுச்சு' என்று மட்டும்தான் சொல்வார்களாம். முதலில் உள்ளே தூசியைச் சுத்தம் பண்ணச் சொன்னார். சூடு ஏறினால் கணினி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும் என்றார்.

அன்று மத்தியானம் ஒரு மணி நேர இடைவேளையில் அவள் கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினாள். அக்கா திருகாணிகளைக் கையாலேயே திருகும்படி வைத்திருந்தாள். உள்ளே சாம்பல் நிறத் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஒதுக்கி ஒதுக்கி எடுத்தாள். விசிறியின் அச்சில் ஒரு நீள முடி சுற்றியிருந்தது. வேர்ப் பக்கம் மூன்று விரற்கடை வெள்ளை, மிச்சமெல்லாம் சாயம் பூசிக் கறுப்பு. சாயம் பூசுவதை அக்கா எப்போது நிறுத்தினாள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், படுக்கையில் விழுந்த மாதம். முடியை நகத்தால் பிடித்துச் சுற்றுச் சுற்றாகப் பிரித்து எடுத்தாள். நீளம் ஒன்றரை முழம் இருக்கும். ஏதாவது தோன்றுகிறதா என்று கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை. தூசியோடு சேர்த்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, ரொட்டி தின்றாள்.

இரண்டு நாள் கணினி ஒழுங்காக ஓடியது. மூன்றாம் நாள் காலை எட்டே காலுக்கு அணைந்தது. நோட்டில் பன்னிரண்டு என்று போட்டாள்.

அடுத்து மெமரி. உள்ளே இரண்டு மெமரிப் பட்டைகள் இருக்கும், ஒன்றை எடுத்துவிட்டு ஓட்டுங்கள், அணைந்தால் அதை எடுத்துவிட்டு மற்றதைப் போடுங்கள், எது கெட்டது என்று தெரிந்துவிடும் என்றார் கடைக்காரர். ஒன்றை வைத்து ஓட்டினாள், நாலு தடவை அணைந்தது. மற்றதை வைத்து ஓட்டினாள், மூன்று தடவை. ஒரே நேரத்தில் இரண்டுமா கெடும் என்று அவர் தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு கடைக்கே கொண்டுவரச் சொன்னார். ஒரு விடுமுறை நாளில் படுக்கை விரிப்பில் சுற்றி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கினாள். கடையில் அது நாள் முழுக்கச் சமர்த்தாக ஓடியது. டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் இறங்கிவிடுகிற பிள்ளை மாதிரி இருக்கிறதே என்றார் அவர்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு மென்பொருளைப் புதிதாகப் போட்டுப் பார்க்கலாமா, உள்ளே எடுத்து வைக்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். ஒன்றுமில்லை, அழித்துவிடுங்கள் என்றாள். அவர் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தார். மறுநாள் கணினியோடு சின்ன வட்டு ஒன்றையும் கொடுத்தார். அக்கா பெயரில் ஒரு கோப்புறை இருந்ததாம், மனசு கேட்கவில்லை, இதில் எடுத்து வைத்தேன் என்றார். நன்றி சொல்லி வாங்கி மேசை இழுப்பறையில் போட்டாள்.

வீட்டுக்கு வந்த அன்றே அணைந்தது. நாலே நாளில் கணக்கு இருபத்தாறை எட்டியது.

"அப்ப மென்பொருள் இல்ல," என்றார் கடைக்காரர். "மிச்சம் ரெண்டுதான். பவர் சப்ளை, இல்லாட்டி மதர்போர்டு." மதர்போர்டு என்பது எல்லாப் பாகங்களும் செருகியிருக்கும் பெரிய பலகை. பவர் சப்ளை என்பது சுவரிலிருந்து வரும் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி. அதை முதலிலேயே பார்த்திருக்கலாம், கடையில் ஒழுங்காக ஓடியதால் ஏமாந்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டார். தன்னிடம் இருந்த நல்ல பெட்டி ஒன்றை இரவலாக எடுத்துக்கொண்டு அவரே மாடி ஏறி வந்து மாட்டினார். ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள், ஒரு தடவைகூட அணையவில்லை என்றால் இதுதான் கோளாறு, அணைந்தால் மதர்போர்டு, வேறு பேச்சே இல்லை என்றார்.

ஆறு நாள் அணையவில்லை. அழைப்புக்கு மேல் அழைப்பு. முழுக்க முழுக்கக் கேட்டாள். தண்ணீர் வரவில்லை, தண்ணீர் கறுப்பாக வருகிறது, சாக்கடைத் தண்ணீர் கலந்து வருகிறது, மூன்று தடவை சொல்லியும் யாரும் வரவில்லை. நடுவில் அந்த நாலு நிமிடம் இப்போது இல்லை. அது இல்லாதது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. மரத்துப்போன காலில் செருப்பு கழன்றது தெரிவது மாதிரி.

ஏழாம் நாள் முற்பகல் ஒரு பெண்மணி அழைத்தார். வயதான குரல், அவசரமில்லாத குரல். மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை என்றார். கீழே போய்த் தூக்கி வர ஆள் இல்லை என்றார். வீட்டு எண்ணை அவள் கேட்பதற்குள் அந்தம்மா சொன்னார்:

"எங்க அக்கா படுத்த படுக்கையா கிடக்காம்மா. துடைச்சு விடக்கூடத் தண்ணி இல்ல."

விரல்களை விசைப்பலகை மேல் வைத்தபடி பதினாலு திரையைப் பார்த்தாள். அணையும் என்று காத்திருந்தாள். திரை அணையவில்லை. அந்தம்மா பேசிக்கொண்டே போனார், நேற்று ஈரத்துணிக்குக் குடிக்கிற தண்ணீரில் கொஞ்சம் எடுத்தேன் என்றார். பதினாலு குனிந்து, மேசைக்கு அடியில் கணினியின் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. திரை கறுத்தது. விசிறி நின்றது.

இந்தத் தடவை அது தானாக எழவில்லை. அவள்தான் பத்து நிமிடம் கழித்து எழுப்பினாள். நோட்டில் இருபத்தேழு என்று எழுதினாள், நேரம் எழுதினாள், அழைப்பில் என்று எழுதினாள். மற்றவை என்ற பத்தியில், தானாக எழவில்லை என்று எழுதினாள்.

மேற்பார்வையாளர் அன்று மாலையே கேட்டார், மறுபடி ஆரம்பித்துவிட்டதா என்று. ஆமாம் என்றாள். கடைக்காரரும் கேட்டார். அவருக்கும் ஆமாம் என்றாள். அப்படியானால் மதர்போர்டுதான், வரவழைத்து மாற்றிவிடலாம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து, அவளுடைய வார விடுமுறையன்று, மதர்போர்டோடு அவர் வந்தார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பக்கத்துத் தகட்டைக் கழற்றினார். ஆனால் எதையும் பிடுங்கவில்லை. நோட்டை மடியில் விரித்து, பழைய பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டிருந்தார். இரண்டு நாளாக இதே யோசனைதான் என்றார். கெட்ட மதர்போர்டு ஆறு நாள் சும்மா இருக்காது. அதோடு, மற்ற இருபத்தாறு தடவையும் தானே எழுந்திருக்கிறது, இந்த ஒரு தடவை மட்டும் எழவில்லை என்று அவளே எழுதியிருக்கிறாள். ஒரே நோய்க்கு எப்படி இரண்டு குணம் இருக்கும்?

"நான்தான் எங்கயோ தப்பாப் பாக்குறேன்," என்றார்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து அவருடைய உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வழுக்கை விழத் தொடங்கிய தலை. தான் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி, நல்ல மதர்போர்டு ஒன்றை இந்த மனிதர் பிடுங்கப் போகிறார்.

"அந்த இருபத்தேழாவது மெஷின் இல்ல," என்றாள். "நான்."

அவர் நிமிர்ந்தார். "பட்டனை அமுக்கினீங்களா?"

"ஆமா. அமுக்கிப் பிடிச்சேன்."

அவர் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது நிம்மதி. "அப்ப பவர் சப்ளைதான்," என்றார். "நான் பார்த்தது சரிதான்." கையோடு கையாகத் தகட்டை மாட்ட ஆரம்பித்தார். கடைசித் திருகாணியைத் திருகும்போதுதான், எதிரில் பேசியவர் ரொம்பத் திட்டினாரோ என்று கேட்டார். இல்லை என்றாள். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. போகுமுன் பழைய பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே வரிசையாக நின்ற சின்ன உருளைகளில் மூன்றின் தலை உப்பி, ஒன்றிலிருந்து பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. இது எப்போது தாங்கும், எப்போது கைவிடும் என்று இதற்கே தெரியாது என்றார்.

அவர் போன பிறகு அவள் மேற்பார்வையாளரை அழைத்தாள். கோளாறு பவர் சப்ளை, மாற்றியாகிவிட்டது என்றாள். இருபத்தாறு தடவை கணினி அணைந்தது, ஒரு தடவை நான் அணைத்தேன் என்றாள்.

அவர் பக்கத்தில் நாற்காலி கிரீச்சிட்டது. "இதை ஏன் மேடம் சொல்றீங்க? நான் எல்லாத்தையும் மெஷின்னு எழுதி அனுப்பிட்டேனே."

"நான் துண்டிச்ச அந்தம்மா நம்பர் வேணும் சார். புகார் பதிவாகல. உங்ககிட்டதான் இருக்கும்."

எழுதியதைத் திருத்தினால் அவள் மேல் எச்சரிக்கைக் கடிதம் வரும், இரண்டு வாரம் அவள் பேசுவதை யாராவது கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று விளக்கினார். கேட்கட்டும் என்றாள். அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டே எண்ணைத் தேடி எடுத்தார். ஏன் அணைத்தீர்கள் என்று அவரும் கேட்கவில்லை. அக்கா போனபோது அவளுடைய ஆறு நாள் விடுப்புத் தாளில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.

மறுநாள் காலை ஹெட்போனை மாட்டியதும் முதல் வேலையாக அந்த எண்ணைப் போட்டாள். ஏழு தடவை மணி அடித்த பிறகு எடுத்தார்கள்.

"வணக்கம், குடிநீர் அலுவலகத்துல இருந்து பதினாலாம் எண் பேசுறேன். மூணு நாள் முன்னால நீங்க கூப்பிட்டீங்க, பாதியில துண்டிச்சுப் போச்சு." நிறுத்தினாள். "போகல. நான்தான் துண்டிச்சேன்."

"எந்தப் போனும்மா?" என்றார் அந்தம்மா. "நான் பத்துத் தடவை போட்டேன். பாதி எடுக்கல, எடுத்ததுல பாதி நடுவுல போயிடுச்சு."

"அதுல ஒண்ணு நான்."

"சரி," என்றார் அந்தம்மா. நேரம் கேட்டுத் தெரிந்துகொண்ட மாதிரி சொன்னார். அன்றைக்குச் சாயங்காலமே வேறு ஒருத்தர் எழுதிக்கொண்டார், மறுநாள் தண்ணீர் வந்துவிட்டது என்றார்.

வைத்துவிடலாம். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. ஆனால் பதினாலு, "உங்க அக்கா?" என்றாள்.

"இருக்கா. இப்பதான் கஞ்சி குடிச்சா. ஏம்மா கேக்குறே?"

"எங்க அக்காவும் அஞ்சு மாசம் படுக்கையில இருந்தாங்க."

பின்னால் எங்கோ பாத்திரம் நகர்கிற சத்தம் கேட்டது. அந்தம்மா குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் படுத்திருப்பவருக்குக் கேட்கக் கூடாது என்பது போல, "முதுகுல புண்ணு வந்துச்சா?" என்று கேட்டார்.

"வந்துச்சு. மூணாவது மாசம்."

"இவளுக்கும் இடுப்புகிட்ட செவப்பா இருக்கு. பயமா இருக்கும்மா."

"துடைச்சதும் ஈரம் நிக்கக் கூடாது. காஞ்ச துணியால ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாத்திப் படுக்க வைங்க. முட்டிக்கு நடுவுல ஒரு தலகாணி வைக்கணும், இல்லாட்டி எலும்பு எலும்புல உரசும்." சொல்லச் சொல்ல அவள் இரண்டு கைகளும் மேசை மேல் தாமாக அசைந்தன, ஒன்று தோளைப் பிடிக்கிற மாதிரி, ஒன்று இடுப்பைத் தாங்குகிற மாதிரி. அவள் அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "தோல் உரிஞ்சுதுன்னா நர்ஸைக் கூப்பிட்டுடுங்க. நான் ஒரு வாரம் தாமதம் பண்ணிட்டேன்."

இதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. கழுத்துக்குப் பின்னால் கொஞ்சம் வலித்தது. அந்த வலி எப்போதிலிருந்து இருக்கிறது என்று தெரியவில்லை.

அந்தம்மா எல்லாவற்றையும் திருப்பி ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஒத்தி எடுக்கணும், தேய்க்கக் கூடாது. தலகாணி முட்டிக்கு நடுவில். பிறகு, இன்னொன்று, தண்ணீர் வருகிறதே தவிர முதல் அரை மணி நேரம் கலங்கலாக வருகிறது, அதை யாரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டார்.

"என்கிட்டதான்," என்றாள் பதினாலு. தெருப் பெயரைக் கேட்டாள், வீட்டு எண்ணைக் கேட்டாள், எத்தனை நாளாக, என்ன நிறம் என்று கேட்டாள். ஒவ்வொன்றாகத் தட்டினாள். பதிவு எண் வந்தது. அந்தம்மாவுக்கு எழுதிக்கொள்ளக் காகிதம் கிடைக்கும்வரை காத்திருந்தாள். ஏழு இலக்கம். மெதுவாக இரண்டு தடவை சொன்னாள், மூன்றாம் தடவை அந்தம்மாவைச் சொல்ல வைத்துச் சரிபார்த்தாள்.

அடுத்த அழைப்பு ஒரு பள்ளிக்கூடக் காவலாளி. மாடியில் தொட்டி நிரம்பி வழிகிறது, அடைக்கிற திருகு எங்கே இருக்கிறது என்று தனக்குத் தெரியவில்லை என்றார்.